சத்தம் போடாமல் சண்டை போடும் இடம்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். பாப்பாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது, எனக்கு இடுப்பு பிடித்திருக்கிறது, மற்றபடி குறையில்லை. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும். எப்போது கேட்டாலும் "சாப்பிட்டாச்சு" என்கிற ஒரே பதிலைத்தானே இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாய்.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நாம் பேசியதை யோசித்துப் பார். விடுதிப் பள்ளி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டாயா என்று நீ கேட்டாய். நான் மழுப்பினேன். நீ குரலை உயர்த்தினாய், நானும் உயர்த்தினேன், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் யார் என்ன சொன்னோம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. அப்புறம் லைன் போய்விட்டது. நீ வைத்தாயா, தானாகப் போனதா என்று நான் கேட்கப் போவதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதுதான் எனக்கு வசதி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. தையல் மிஷின் டிராயரில், ஊசிப் பெட்டிக்கு அடியில். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கும் தெரியும். நான் கையெழுத்துப் போடவில்லை. அந்தப் பள்ளியில் ஓர் இடம் வாங்க நீ அங்கிருந்தே எத்தனை பேரிடம் கெஞ்சினாய், ராத்திரி வேலை முடித்துவந்து எத்தனை மனு எழுதினாய் என்பதெல்லாம் தெரிந்தும்தான் போடவில்லை. உனக்குக் கோபம் வரும். வரட்டும். ஆனால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் திட்டு. அதற்குப் பிறகு நீ என்ன சொல்கிறாயோ அப்படியே செய்கிறேன்.

இதைச் சொல்ல நான் நூலகத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நீ போன புதிதில் பாப்பாவைப் பள்ளிக்கூடம் விட்டதும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வண்டி சீட் தைக்கிற நம் கடையில் வைத்தால் கத்தரிக்கோல், பசை டப்பா, ஆணி. ஒரு நாள் ஒரு காரின் பின் சீட்டுக்குள்ளேயே தூங்கிவிட்டாள், வண்டிக்காரர் கொண்டு போயிருப்பார். கடைக்குப் பக்கத்தில்தான் நூலகம், பாலத்தின் முனையில். அங்கே காசில்லாமல் மின்விசிறி சுற்றுகிறது, கதவருகில் ஓர் அம்மா உட்கார்ந்திருக்கிறார், பிள்ளை எங்கேயும் ஓடிவிட முடியாது. அவ்வளவுதான் என் கணக்கு. படிப்பு, அறிவு என்று நான் எதையும் யோசிக்கவில்லை. உன்னிடம் "லைப்ரரியில படிச்சிட்டிருக்கா" என்று பெருமையாகச் சொன்னேனே, அது வண்டியை ஓரமாக நிறுத்திவைத்ததற்குச் சமானம். இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நம் பாப்பாவைப் பற்றி ஒன்றை மறந்துவிட்டேன். காது கேட்காத பிள்ளை அமைதியாக இருக்கும் என்றுதான் ஊரே நினைக்கிறது. தான் போடும் சத்தம் அவளுக்கே கேட்காதே! நாற்காலியைத் தரதரவென்று இழுப்பாள். புத்தகத்தை டப்பென்று மூடுவாள். படம் பார்க்கும்போது தொண்டைக்குள் "ஊம்" என்று மிஷின் ஓடுவது மாதிரி ஒரு சத்தம். சிரித்தால் விசில். அந்த நூலகத்திலேயே அதிகச் சத்தம் போடுகிற ஆள் நம் வீட்டு ஆள்தான். அவள் தலைக்கு நேர் மேலே சுவரில் "அமைதி காக்கவும்" என்று பலகை வேறு.

மூன்றாவது மாதம் அவளுக்கு எதிராக ஒரு மனு வந்தது. பதினான்கு பேர் கையெழுத்து. அதைக் கேள். பஸ் ஸ்டாண்டைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் மாற்றியபோது நடந்த கல்லெறிக்குப் பிறகு, இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்து ஆள் வண்டிக்கு சீட் தைத்துக் கொடுக்காதே என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். நூலகத்தில் பேப்பர் படிக்கும் நீள மேசையில்கூட இந்தப் பக்கத்தார் இந்த வரிசை, அந்தப் பக்கத்தார் எதிர் வரிசை. பாலத்தில் எரியாத விளக்குக்காக ஒன்று சேர்ந்து மனுப் போடாத ஜனங்கள், என் பெண்ணை வெளியே அனுப்புவதற்காக ஒன்று சேர்ந்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஏழு கையெழுத்து, அந்தப் பக்கத்தில் ஏழு. முதல் கையெழுத்து நம் அடுத்த வீட்டுக் கண்டக்டருடையது. இரண்டாவது அந்தப் பக்கத்து சலூன்காரருடையது. கல்லெறியில் கண்டக்டர் வீட்டு ஜன்னல் உடைந்து அவர் மனைவிக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். சலூன்காரர் கடையில் கண்ணாடி அத்தனையும் தூள். அந்த இரண்டு பேர்தான் ஒரே பேனாவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நூலகர் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நான் வரிந்து கட்டிக்கொண்டு போனேன். வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டே போயிருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள், துப்பக்கூட மறந்துவிட்டேன். அந்த அம்மா ஒல்லியாக, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டே பேசுகிறவர். குரலை உயர்த்தவே தெரியாது. மனுவைக் காட்டினார். அப்புறம் அதை மடித்து ஒரு ஃபைலில் வைத்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சட்டம் சத்தத்துக்குத்தானுங்க, பிள்ளைக்கு இல்ல. நாற்காலி சத்தம் போட்டா நாற்காலியத்தான் சரி பண்ணணும். நீங்க சீட் தைக்கிறவருதானே, இதுங்களுக்கு ஏதாவது செருப்பு தைச்சுப் போட முடியுமா?"

சண்டை போடத் தயாராகப் போனவனுக்கு எதிரில் சண்டை போட ஆள் இல்லாவிட்டால் எவ்வளவு அசிங்கமாக இருக்கும் தெரியுமா? வாயிலிருந்த ஆணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சரிங்க என்று தலையை ஆட்டினேன்.

மொத்தம் நாற்பத்தொரு நாற்காலி. நூற்று அறுபத்துநான்கு கால். நூலகம் அடைத்த பிறகு, விடுமுறை நாளில், பாப்பா காலைப் பிடித்துக்கொள்ள நான் தைத்தேன். கடையில் மிச்சமிருந்த ரெக்ஸினை வட்டமாக வெட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்து, சுருக்கிக் கட்டி, நான்கு காலுக்கும் மாட்டினேன். சிவப்பு, நீலம், புலித்தோல் டிசைன் எல்லாம் உண்டு. பார்க்க ஜோராக இருந்தது. ஒரே ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. நான் இருபது வருஷமாகத் தைப்பதெல்லாம் வண்டிக்குள் அசையாமல் இருக்கிற சீட். தரையில் நகரும் நாற்காலிக்கு நான் எங்கே தைத்திருக்கிறேன்? மொசைக் தரையும் ரெக்ஸினும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மறுநாள் காலையில்தான் தெரிந்தது.

கண்டக்டர் வழக்கம் போலப் பேப்பரை விரித்துக்கொண்டு பின்னால் பார்க்காமல் உட்கார்ந்தார். நாற்காலி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் அலமாரி பக்கத்தில் நின்றது. மனுஷன் தரையில். பேப்பரைத் திருப்பிக் கொடுக்க அப்போதுதான் மேசையைச் சுற்றி வந்த சலூன்காரர், ஓர் ஆள் விழுந்தால் யாரும் செய்வது போல, சட்டென்று இரண்டு கையையும் கொடுத்துப் பாதி தூக்கிவிட்டார். அப்புறம்தான் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சலூன்காரர் கையை உதறினார். கண்டக்டர் மறுபடியும் தரையில்.

பாப்பாவின் விசில் சிரிப்பு நூலகம் பூராவும் கேட்டது. நூலகர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். கண்டக்டர் என் கடைக்கு வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்துவிட்டு, அந்த ஆளுக்குக் கை நல்ல பலம் என்று முணுமுணுத்துக்கொண்டு போனார். நான் நூற்று அறுபத்துநான்கு ரெக்ஸின் செருப்பையும் கழற்றிவிட்டு, பழைய டியூப் ரப்பரை வெட்டி மறுபடியும் மாட்டினேன். இப்போது பிடிப்பும் இருக்கிறது, சத்தமும் இல்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது அந்த வேலையில்தான்.

சரி, நாற்காலி ஓய்ந்தது. பாப்பாவின் வாய்க்கு யார் ரப்பர் மாட்டுவது? அதற்கும் நூலகர் அம்மாதான் வழி வைத்திருந்தார். நூலகத்தின் பின்னறையில், கிழிந்த புத்தகங்களைத் தைத்து அட்டை போட ஒரு பெண் வாரத்தில் இரண்டு நாள் வருவாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவளுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. ஒரு புதன்கிழமை பாப்பா ஏதோ ஒரு புத்தகத்தைக் கிழித்துவிட்டாள் என்று (ஆமாம், கிழித்தாள், அதையும் சொல்லிவிடுகிறேன்) நூலகர் அம்மா திட்டாமல் அதை அவள் கையிலேயே கொடுத்து, பின்னறைக்குக் கொண்டுபோய்க் கொடு என்று காட்டியிருக்கிறார். நான் பாப்பாவைக் கூட்டிப்போக வந்தபோது அவள் அந்தக் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். பைண்டர் பெண் பசைப் பிரஷைக் கீழே வைத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கையாலேயே அவளிடம் ஏதோ கேட்டாள். நம் பெண் அசையவே இல்லை. தன்னைப் போல இன்னோர் ஆள் உலகத்தில் இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. ஒன்பது வயது வரைக்கும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை, நானும்தான்.

அன்றைக்கு அவளை வீட்டுக்கு இழுத்து வர நான் பட்ட பாடு!

உனக்கும் எனக்கும் அவளோடு இருந்த பேச்சு என்ன? சாப்பிடு, தூங்கு, வா, போ, அடி விழும். அவ்வளவுதானே. மூன்று மாதத்தில் அவள் கைகள் ஓயவே இல்லை. ஏன், எப்போது, யார், பொய், இன்னும் ஒன்று கொடு. காலையில் எழுந்ததும் கேள்வி ஆரம்பித்தால் கண்ணில் விரலை விட்டு ஆட்டுகிறாள். நூலகத்தில் பைண்டர் பெண் சனிக்கிழமைகளில் நடத்தும் சைகை வகுப்பில் நானும் சேர்ந்து கற்றுக்கொண்டேன், இல்லாவிட்டால் என் வீட்டிலேயே நான் ஊமை.

அப்படி நான் ஓரளவு கற்றுக்கொண்டதும் அவள் என்னிடம் கேட்ட முதல் பெரிய கேள்வியை உன்னிடம் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். "அம்மா ஏன் என் மேல கோவிச்சுக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள்.

நாம் அவளிடம் சொல்லவே இல்லையே. எப்படிச் சொல்லியிருப்போம், எந்த மொழியில்? நீ பெட்டி கட்டினாய், அழுதாய், வண்டியில் ஏறினாய். அவளுக்கு அது மட்டும்தான் தெரியும். அதற்கு முந்தின நாள் அவள் பால் டம்ளரை உடைத்ததற்கு நீ முதுகில் ஒரு தட்டுத் தட்டினாய், ஞாபகம் இருக்கிறதா? அத்தனை நாளும் அந்த டம்ளருக்காகத்தான் நீ போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வேலை, தூரம், பள்ளிக்கூடச் செலவு, வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் என்று எல்லாவற்றையும் தப்பும் தவறுமாகக் கையால் சொன்னேன். தெரியாத இடத்தில் பைண்டர் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். கோபமில்லை என்பதைப் பத்துத் தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அப்புறம் போய் அலமாரியிலிருந்து நம் வீட்டு டம்ளர்களை எல்லாம் எடுத்து, மேலே எட்டாத தட்டில் வைத்தாள். நான் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

இனி கண்டக்டர் கதைக்கு வருகிறேன், நீ கொஞ்சம் சிரிக்க வேண்டும். தரையில் விழுந்த பிறகு அவருக்கும் சலூன்காரருக்கும் பேச்சுவார்த்தை தொடங்கியது. பேச்சுவார்த்தை என்றால் சண்டைதான். பஸ் ஸ்டாண்டை மாற்றியது யார், முதல் கல் யாருடையது என்று மேசையின் இரண்டு பக்கத்திலிருந்தும் உரக்க. இரண்டு வருஷம் முறைத்துக்கொண்டிருந்ததற்கு இது தேவலை என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நூலகர் அம்மா பலகையைக் காட்டினார். அமைதி வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்ததே நீங்கள்தானே என்று ஞாபகப்படுத்தினார். பின்னறையில் பாப்பாவும் பைண்டர் பெண்ணும் ஏதோ கதையில் யார் கெட்டவர் என்பதைப் பற்றிக் கடுமையாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒரு சின்னச் சத்தம்கூட இல்லாமல். "சண்டை போட்டுக்கோங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா அவங்க போடற மாதிரி போட்டுக்கோங்க" என்றாராம்.

அந்த அம்மா விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, கண்டக்டர் ரோஷத்தோடு அடுத்த சனிக்கிழமையே குழந்தைகள் பகுதியில் நடக்கும் சைகை வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அவர் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் சலூன்காரரால் இருக்க முடியுமா? அவரும் வந்தார். அவர்களைப் பார்த்து இரண்டு பக்கத்திலும் ஆட்கள் சேர்ந்து பதினாறு பேர் ஆகிவிட்டோம். பாப்பாவின் வகுப்பு ஆசிரியையும் வந்தார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்தியவர் இப்போது இவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நடத்துகிறார். சலூன்காரருக்கு விரல் லாவகம், கண்டக்டருக்கு டிக்கெட் கிழித்துக் கிழித்துக் கட்டைவிரல் மட்டும்தான் வேலை செய்யும். திணறுகிறவர்களுக்கெல்லாம் திருத்தம் சொல்வது நம் பாப்பா. விரலைப் பிடித்து இழுத்து நேராக்கிவிடுவாள்.

கையால் பேசுவதில் ஒரு தொல்லை இருக்கிறது. எதிராளி முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும். பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு வார்த்தை விட முடியாது. நீ பேசும்போது நான் பேசினால் எனக்கு உன்னுடையது தெரியாமல் போய்விடும், அதனால் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் வாழ்நாளில் முதல் தடவையாக அப்படிக் காத்திருந்தார்கள். ஒரு நாள் கண்டக்டர் கேட்டுவிட்டார், என் வீட்டு ஜன்னலில் கல் எறிந்தாயா என்று. சலூன்காரர் நான் எறியவில்லை என்றார். ஆனால் அந்தக் கூட்டத்தில் நின்றேன், தடுக்கவில்லை என்றும் சொன்னார். கண்டக்டர் மெதுவாக, உன் கடைக் கண்ணாடியை உடைத்தவன் யாரென்று எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை என்றார்.

நடுவில் பாப்பா உட்கார்ந்து இரண்டு பேர் கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டக்டர் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க, அவள் உள்ளங்கையால் மேசையைத் தட்டினாள். காது கேளாதவர்கள் ஓர் ஆளைக் கூப்பிடுவது அப்படித்தான். ஏற்கனவே சொல்லிட்டீங்க, அவரும் சொல்லிட்டாரு, அடுத்தது என்ன என்று கேட்டாள்! கண்டக்டர் தன் தலையைக் காட்டினார். கல்லெறிக்குப் பிறகு அந்தப் பக்கத்து சலூனுக்குப் போக மாட்டேன் என்று வீட்டிலேயே மனைவி கையால் வெட்டிக்கொண்டு, தலை புதர் மாதிரி ஆகியிருந்தது. மறுநாள் காலையில் அவர் பாலத்தைத் தாண்டி நடந்து போவதைக் கடையிலிருந்து பார்த்தேன். திரும்பி வரும்போது பத்து வயது குறைந்திருந்தது. நானும் போனேன். கிழிந்து கிடந்த சலூன் நாற்காலிக்கு அந்தப் புலித்தோல் ரெக்ஸினைத் தைத்துக் கொடுத்தேன். நீ சொன்னதை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்பவில்லை. பாலத்தில் விளக்கு இன்னும் எரியவில்லை. ஆனால் நாலு மாதம் முன்னால் நூலகர் அம்மா கல்வி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார், காது கேளாத பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் ஒரு சிறப்பு ஆசிரியரை நூலகத்துக்கே அனுப்பச் சொல்லி. ஒரு தாளைக்கூட வீணாக்காத அம்மா, வரைவை எழுதிக் கையெழுத்து வாங்கியது பாப்பாவை வெளியே அனுப்பச் சொன்ன அந்த மனுவின் பின்பக்கத்தில். முன்பக்கத்தில் போட்ட பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் பின்பக்கத்திலும் போட்டார்கள். ஒருவர் ஊர் மாறிவிட்டார். இன்னொருவர் இன்னமும் பாப்பா சிரித்தால் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரும் தினம் வருகிறார், வரட்டும். யாரை வெளியே அனுப்பலாம் என்று ஆரம்பித்தால் கடைசியில் நானும் புத்தகமும்தான் மிச்சம் என்பார் நூலகர் அம்மா. ஆசிரியர் வந்துவிட்டார். பாலத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் நான்கு பிள்ளைகள், நம்மவளோடு ஐந்து.

இந்த அம்மாவுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன், நீயே சொல். ஒரு நாள் சொல்லப் போனேன். நூலக அட்டையைப் புதுப்பிக்க வேண்டும், தேதி தாண்டிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்போது விண்ணப்பம். நான் அலட்சியமாக இருந்துவிட்டேன் என்று நினைக்காதே. போன மாதம் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு, உன்னிடம் சொல்லாமல், அந்த விடுதிப் பள்ளிக்கே போய் வந்தேன். நல்ல இடம். நீ தேடியது தப்பே இல்லை. முற்றம் முழுக்கப் பிள்ளைகள் கையால் பேசிக்கொண்டிருந்தார்கள், பாப்பா பத்தே நிமிஷத்தில் அவர்களோடு கலந்துவிட்டாள். நான் அங்கேயே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டேன். விடுதிப் பொறுப்பாளர் அம்மா தடுத்தார். பிள்ளையைக் கேட்டீர்களா என்றார். கேட்கவில்லை. அவரே பாப்பாவைக் கூப்பிட்டு, இங்கே தங்கிப் படிக்கிறாயா என்று கையால் கேட்டார்.

பாப்பா சுற்றிப் பார்த்தாள். பிடித்திருக்கிறது என்றாள். அப்புறம் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் இதுதான்: "அம்மா வரும்போது நான் வீட்டுல இல்லன்னா, நான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு நினைச்சுப்பாங்க."

அந்த அம்மா என் பேனாவை மூடி என் பையில் வைத்துவிட்டார். நூலகத்தில் வகுப்பு நடக்கும் வரை அங்கேயே படிக்கட்டும், ஆறாம் வகுப்பில் இடம் எப்போதும் உண்டு, முதலில் இவளுக்கு அம்மாவைக் காட்டுங்கள் என்றார். அதனால்தான் கையெழுத்துப் போடவில்லை. இப்போது உனக்குப் புரிந்திருக்கும், போனில் ஏன் மழுப்பினேன் என்று. இதைப் போனில் எப்படிச் சொல்வேன்?

கடைசியாக ஒன்று. சைகையில் ஆளுக்கொரு பெயர் உண்டு. நாமாக வைத்துக்கொள்ள முடியாது, காது கேளாதவர்கள்தான் நம்மைப் பார்த்து, நம் வழக்கத்தைப் பார்த்து வைப்பார்கள். நூலகர் அம்மாவின் பெயர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிடுவது. கண்டக்டர் பெயர் டிக்கெட் கிழிப்பது. வேலையில் ஆணியை உதட்டில் கவ்விக்கொள்கிறேன் என்பதால் இரண்டு விரலால் உதட்டைக் கிள்ளினால் அது நான். எனக்கு ரொம்பப் பெருமை.

உனக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறாள். வீடியோவில் பேசும்போது பாதியில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையுறை போட்ட கையானதால் மணிக்கட்டால் கண்ணைத் துடைப்பாயே, நாங்கள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு? மணிக்கட்டால் கண்ணைத் துடைத்தால் அது அம்மா. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது உன் பெயரைச் சொல்கிறாள். கண்டக்டரிடம், சலூன்காரரிடம், புதிதாக வருகிற பிள்ளைகளிடம். வேறு ஏதாவது நல்லதாக மாற்றி வையேன் என்று கெஞ்சிப் பார்த்தேன். நான் அதுதானே பார்த்திருக்கேன் என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து வேறு மாதிரி பார்த்தால் மாற்றுவாளாம்.

அங்கே உனக்குச் சேர வேண்டிய விடுப்பு சேர்ந்து கிடக்கிறது என்று நீயே சொன்னாய். விண்ணப்பம் டிராயரிலேயே இருக்கட்டும், நீ வந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்வோம். அவள் வரைந்த கைப் படங்கள் ஆறு இதோடு வைத்திருக்கிறேன், வருவதற்குள் பழகிக்கொள். முதல் படம் "கோபமில்லை". நான் சொன்னதை நம்பிவிட்டாள்தான். ஆனாலும் அதை உன் கையால் பார்க்க வேண்டுமாம்.

சீக்கிரம் வந்து உன் பெயரை மாற்றிக்கொள்.

இப்படிக்கு,
வாயில் ஆணி வைத்திருப்பவன்